யார் இருந்து சாப்பிடலாம்? வடக்கின் சாப்பாட்டுக்கடைகளும் அவை பரிமாறும் விதமும்

வடக்கில் சாப்பாட்டுக்கடைகளை வகை பிரிக்க எனக்குத் தெரிந்த இலகுவான வழி, காசை எப்போது வாங்குகிறார்கள் என்று பார்ப்பது. சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு வாங்குகிற கடை ஒன்று. முதலே வாங்கிக்கொண்டு துண்டு தருகிற கடை இன்னொன்று. கொப்பியில் எழுதிவைத்து மாதம் முடிய வாங்குகிற கடை மூன்றாவது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் மிச்சம் தானாக விளங்கும்.

வேலை நிமித்தம் ஐந்து மாவட்டங்களிலும் அலைகிறவன் நான். மதியச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிடுகிற நாட்கள் குறைவு. நீண்ட காலத்துக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும், முகாமிலும் மீள்குடியேற்றக் கிராமத்திலும் வளர்ந்து இப்போது நகரத்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற பிள்ளைகளும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "உள்ளுக்குப் போய் என்ன செய்யவேணும்?" கேட்கக் கூச்சப்பட்டு, வாசலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, பசியோடு பஸ் ஏறிப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்கு.

தேத்தண்ணிக்கடை

மேசையில் இருந்ததும், நீங்கள் கேட்காமலே ஒரு தட்டு வரும். வடை, ரோல்ஸ், வாய்ப்பன், பணிஸ் என்று ஏழெட்டு அதில் இருக்கும். அவ்வளவும் உங்களுக்கு என்று அர்த்தமில்லை. விரும்பியதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே விடலாம். நீங்கள் எழும்பும்போது பரிமாறுகிற தம்பி மிச்சத்தை எண்ணி, குறைந்ததைக் கணக்கிட்டு, காசு மேசையைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "ரெண்டு வடை, ஒரு ரோல்ஸ், ஒரு பிளேன்ரீ!" நீங்கள் அங்கே போய்ச் சேருவதற்குள் முதலாளி கூட்டி முடித்திருப்பார். இந்த முறை இலங்கை முழுவதும் உண்டு. கனடாவிலிருந்து வந்த என் உறவினர் ஒருவர், தட்டு முழுவதற்கும் காசு கட்டவேண்டும் என்று நினைத்து எட்டையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, இரவு வரைக்கும் வயிற்றைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

பல கைகள் தொட்ட தட்டு என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு இது பிடிக்காது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு நான் போகிற கடைகள் சிலவற்றில் தட்டு வைப்பதை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி அலுமாரியில் இருப்பதைக் காட்டிக் கேட்டால் இடுக்கியால் எடுத்துத் தருகிறார்கள். சுத்தம் என்று பார்த்தால் அதுதான் சரி. ஆனாலும், முன்பின் தெரியாத ஆளை நம்பி ஒரு தட்டு பலகாரத்தை வைத்துவிட்டுப் போகிற அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும்.

பிளேன்ரீ என்றால் பால் இல்லாதது; சீனி போட்டுத்தான் வரும். வேண்டாமென்றால் முதலே சொல்லவேணும். பால்ரீ பெரும்பாலும் பால்மாவில் அல்லது ரின்பாலில் போடுவது. "சாயம் கூட" என்றால் கடும் தேத்தண்ணி. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி கிடைப்பதே பாடாக இருந்தது. உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த தலைமுறை இப்போதும் சீனி போட்ட கிளாசை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கும்.

அந்தக் கிளாசுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பல தேநீர்க்கடைகளில் கிளாஸ் கொடுக்கமாட்டார்கள். சிரட்டையில், போத்தலில், தகரப் பேணியில் ஊற்றிக் கொடுத்தார்கள். வாங்கில் இருக்க விடமாட்டார்கள். வெளியில் நின்றோ நிலத்தில் குந்தியிருந்தோ குடிக்கவேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து இதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த கையோடு கிளாஸ் வந்துவிடவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் சங்கானை போன்ற இடங்களில் தேநீர்க்கடைக்குள் நுழைவதற்கும் கோயிலுக்குள் நுழைவதற்கும் அடிவாங்கியும் உயிர் கொடுத்தும் போராடினார்கள். எங்கள் இழப்புகளைப் பட்டியலிடும்போது இந்த இழப்பை நாங்கள் சேர்ப்பதில்லை. சேர்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

தவறணையில் கள்ளைப் பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுக்கிற வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஒருவர் குடித்த பிளா இன்னொருவருக்குப் போகாது, எறிந்துவிடுவார்கள். சுகாதாரத்துக்கு நல்லது. ஒடியல் கூழும் பிளாவில் குடித்தால் தனி ருசிதான்.

சைவக்கடை

காலையில் இடியப்பம், தோசை, இட்லி. சம்பலும் சொதியும் சாம்பாறும் கூடவே வரும். அவற்றுக்குத் தனிக்காசு பெரும்பாலும் இல்லை. இடியப்பத்தையும் வடையையும் எண்ணிக் கணக்கெடுப்பார்கள். மத்தியானம் சோறு. சோறும் மரக்கறிகளும் சொதியும் திரும்பத் திரும்ப வரும். பரிமாறுகிறவர் வாளியோடு வரிசையாக வருவார். நிறுத்தவேண்டுமென்றால் இலைக்கு மேலே கையை விரித்துக் "காணும் அண்ணை" என்று சொல்லவேணும். தலையை ஆட்டினால் இன்னொரு கரண்டி விழும். தயிர், பொரியல், பாயாசம் போன்றவை கடைக்குக் கடை மாறும். கேட்டுவிட்டு வாங்குவது புத்தி.

யாழ்ப்பாண நகரில் மலாயன் கபே போன்ற பழைய கடைகளில் வாழையிலை இன்னும் உண்டு. அங்கே சாப்பிட்டு முடித்த இலையை மடித்து, கைகழுவுகிற இடத்தில் இருக்கிற துவாரத்தில் நீங்களே போடவேண்டும். இலை இல்லாத கடைகளில் பிளேற்றுக்கு மேலே மெல்லிய பொலித்தீன் லஞ்ச் சீற்றை விரித்துப் பரிமாறுவார்கள். தண்ணீர் மிச்சம், கழுவுகிற வேலையும் இல்லை. 2017 செப்ரெம்பர் 1ஆம் திகதி முதல் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு நாடு முழுவதும் தடை. உக்கக்கூடிய தாள் என்று சொல்லி வேறொன்று வந்திருக்கிறது. உக்குகிறதா என்று யாரும் புதைத்துப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

சைவக்கடைக்குள் மச்சப் பார்சலைக் கொண்டுபோய்ப் பிரிக்கக்கூடாது என்பது யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லத் தேவையில்லை, புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் சைவக்கடைகளில் இடம் பிடிப்பது கஷ்டம்.

மச்சமும் கொத்தும்

மச்சச் சாப்பாட்டுக்கடையில் கணக்கு வேறு மாதிரி. சோறும் மரக்கறியும் ஒரு விலை. மீன், இறைச்சி, கணவாய், நண்டு தனித்தனி விலை. சோறு திரும்ப வரும், மீன் துண்டு வராது. விலைப்பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி மாட்டவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி கடைக்காரரின் கடமை. மாட்டியிருக்காவிட்டால் இருக்கமுதல் கேளுங்கள். நண்டுக்கறிக்கு விலை கேட்காமல் கைவைத்தவர் எழும்பும்போது படும் பாடு எனக்குத் தெரியும்.

இரவில் கொத்துரொட்டிக் கடை. அங்கே பரிமாறுகிறவரைவிட, கல்லுக்கு முன்னால் இரண்டு தகட்டோடு நிற்கிறவர்தான் முக்கியம். உறைப்பு எவ்வளவு, முட்டை எத்தனை, இறைச்சி என்ன என்று அவர் ரொட்டியைக் கொத்தத் தொடங்கமுதல் சொல்லவேணும். சத்தம் தொடங்கினால் பிறகு ஒன்றும் காதில் விழாது. கொத்தை இருந்து சாப்பிடுகிறவர்களைவிடப் பார்சல் எடுக்கிறவர்கள் அதிகம். தனிய நிற்கிற பெண்களுக்கு அந்த நேரத்தில் அங்கே பார்சல்தான் வசதி என்று சொல்கிறார்கள். சரியோ பிழையோ, நிலைமை அது.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களுடைய கடைகளும் அவர்களோடு போயின. மீண்டு வந்த சிலர் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். முஸ்லிம்களின் விருந்துகளில் சஹன் என்ற முறை உண்டு: ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் வைத்து, ஐந்தாறு பேர் சுற்றியிருந்து அதே தாம்பாளத்தில் சாப்பிடுவார்கள். தனிப் பிளேற் என்ற பேச்சே அங்கே இல்லை. சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்த ஊருக்குப் பக்கத்திலேயே இந்த முறையும் இருந்திருக்கிறது.

வரிசை

சமாதானக் காலத்தில், 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, கிளிநொச்சியில் இறங்கியவர்களுக்குப் பாண்டியன் சுவையூற்றும் சேரன் சுவையூற்றும் நினைவிருக்கும். விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் நடந்தவை அவை. பேக்கரிக்கு வெதுப்பகம், ஐஸ்கிறீமுக்குக் குளிர்களி என்று பெயர்ப்பலகைகள் மாறிய காலம் அது. வெதுப்பகம் என்ற சொல் மட்டும் போரைத் தாண்டி வந்து இப்போதும் கடைகளின் நெற்றியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தது கஞ்சி. முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீரும் போட்டுக் காய்ச்சியதை வரிசையில் நின்று வாங்கினார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்கு, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் மறுபடி வரிசை, மறுபடி நீட்டிய பாத்திரம். இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு நான் இதை விளக்கவேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கடை பற்றிய கட்டுரையில் இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கலியாண மண்டபங்களில் பந்தி போய் பஃபே வந்துவிட்டது. விருந்தினர் பிளேற்றை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, மேசைக்குப் பின்னால் நிற்கிறவர் போடுகிறதை வாங்கிக்கொண்டு போகவேண்டும். என் சின்னம்மா அந்த வரிசைக்குப் போகமாட்டா. பசியில்லை என்பா, வீட்டில் சாப்பிட்டிட்டு வந்தனான் என்பா. ஒருமுறை நான் போட்டுக்கொண்டு வந்து முன்னால் வைத்தபோது, பேசாமல் முழுவதையும் சாப்பிட்டா. பிறகு சொன்னா: "தட்டை நீட்டிக்கொண்டு நிக்கேலாது தம்பி. ஆரும் கொண்டுவந்து தந்தால் சாப்பிடுவன்."

அவவைப் போன்றவர்கள் எங்கள் கொண்டாட்டங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். மண்டபம் எடுக்கிறவர்கள் ஒரு நாலைந்து மேசைக்காவது ஆள் வைத்துப் பரிமாறச் சொல்லலாம். கேட்டால் செய்துதருகிறார்கள். நான் கேட்டிருக்கிறேன்.

வன்னியில் போர் முடிந்த கையோடு ஏ9 வீதியோரத்தில் திறந்த தேநீர்க்கடைகளில் பல இராணுவம் நடத்தியவை. சுத்தமாக இருந்தன, விலையும் குறைவு. தறப்பாள் கொட்டிலில் அடுப்பு மூட்டித் தொடங்கிய எங்கள் ஆட்களால் அந்த விலைக்கு விற்க முடியவில்லை. சீருடை போட்டவர் நீட்டிய தேத்தண்ணியை வாங்கிக் குடிக்கத் தங்கள் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு மனம் வருமா என்பதை அந்தக் கடைகளைத் திறந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் அந்த நாட்களில் முறிகண்டியில் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு பயணத்தை முடித்துவிடுவேன்.

பெண்கள் இருக்கிற கடை

நான் சிறுவனாக இருந்தபோது தேத்தண்ணிக்கடை வாங்கில் ஒரு பெண் இருந்து குடித்ததை நான் கண்டதேயில்லை. சைவக்கடைக்குக் குடும்பத்தோடு வந்தால் உள்ளே திரை போட்ட அறைக்கு அனுப்புவார்கள். ரியூசன் முடிந்த பெண்பிள்ளைகள் தயங்காமல் போய் இருக்கிற இடம் குளிர்களிக்கடைதான். நல்லூர்ப் பக்கம் றியோவிலும் மற்றக் கடைகளிலும் மாலையில் இப்போதும் குடும்பங்கள்தான் நிறைந்திருக்கும்.

பெரிய மாற்றம் அம்மாச்சி உணவகத்தோடு வந்தது என்பேன். விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா போன்ற இடங்களிலும் நடப்பவை. தென்னிலங்கையில் ஹெல போஜுன் என்ற பெயரில் இதே திட்டம் உண்டு. முதலாளி என்று ஒருவர் அங்கே இல்லை. ஒவ்வொரு அடுப்புக்குப் பின்னாலும் ஒரு பெண். அவர் சமைப்பதை அவரே விற்கிறார். தோசை, அப்பம், குரக்கன் ரொட்டி, கொழுக்கட்டை, இலைக்கஞ்சி, பழச்சாறு. கோதுமை மாவைத் தவிர்த்து உள்ளூர்த் தானியத்தில் செய்யவேண்டும் என்பது திட்டத்தின் கொள்கை. உங்கள் கண்ணுக்கு முன்னால் சுடுகிறார்கள், நீங்களே வாங்கிக்கொண்டுபோய் இருந்து சாப்பிடவேண்டும். இதுவும் நின்று வாங்குவதுதான். ஆனால் இங்கே தெரிவு உங்களுடையது. இந்த அக்காவிடம் பிடிக்காவிட்டால் அடுத்த அக்காவிடம் போகலாம். கணவனை இழந்த பெண்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் சிலருக்கு வீட்டு உலை கொதிப்பது இந்த அடுப்பால். தனியாக வந்து தோசை சாப்பிடுகிற பெண்ணை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெயர்ப்பலகை இல்லாத கடைகளும் இருக்கின்றன. வீட்டில் சமைத்து அலுவலகங்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிற பெண்களைத்தான் சொல்கிறேன். காலை எட்டு ஒன்பது மணிக்குள் எண்ணிக்கை சொல்லிவிடவேணும். காசு மாத முடிவில். கொப்பிக் கணக்கு என்பதால் சம்பளம் பிந்தினால் அவர்களுடைய அரிசிக் கடனும் பிந்தும். 2022இல் எரிவாயு இல்லாமல் நகரத்துக் கடைகள் பல பூட்டிக் கிடந்தபோது, எனக்குச் சாப்பாடு தந்தது விறகடுப்பில் சமைத்த ஒரு அம்மாவின் பார்சல். உங்கள் அலுவலகத்தில் இப்படிப் பார்சல் எடுத்தால் வாரத்துக்கொருமுறை காசைக் கொடுத்துவிடுங்கள்.

நட்சத்திர விடுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. உணவுப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பட்டியலின் அடியில் சின்ன எழுத்தைப் பாருங்கள். 10 வீதம் சேவைக்கட்டணமும், பெறுமதிசேர் வரி கட்டுகிற இடமாக இருந்தால் அந்த வரியும் சேரும். அது 2024 ஜனவரி முதல் 18 வீதம். சேவைக்கட்டணம் எடுத்த இடத்தில் தனியாக ரிப்ஸ் வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

படி ஏறமுடியாதவர்கள்

வலது கையை ஷெல்லில் இழந்த நண்பர் ஒருவர் என்னோடு அடிக்கடி வருவார். இடது கையால் சாப்பிடுகிறார் என்று ஒரு கடையில் பக்கத்து மேசைக்காரர் எழும்பிப் போனார். பரிமாறிய தம்பி ஒன்றும் பேசாமல் ஒரு கரண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். வாழையிலைச் சாப்பாடு கரண்டிக்கு ஒத்துவராது, விளிம்பு இல்லாததால் சோறு தள்ளுப்படும். குழிவான பிளேற்றில் தரச்சொல்லிக் கேட்கலாம். எந்தக் கடையிலும் மறுத்ததில்லை. புட்டும் கொத்தும் கரண்டியால் சுகமாகச் சாப்பிடலாம்.

சக்கர நாற்காலிக்காரர்களுக்குத்தான் பெரிய கஷ்டம். எங்கள் கடைத்தெருக்களில் கடைக்கும் வீதிக்கும் இடையில் கான். அதற்கு மேலே ஒரு கொங்கிறீற் பலகை, பிறகு இரண்டு படி. உள்ளே கைகழுவுகிற தொட்டி நெஞ்சுயரத்தில். கழிப்பறை கடைக்குப் பின்னால், இன்னும் ஒரு படி இறங்கி. சந்நிதி மடங்களில் அன்னதானம் எல்லோருக்கும்தான், ஆனால் நிலத்தில் சம்மாணம் கட்டி இருக்கமுடியாதவர் ஒரு கதிரை கேட்கவேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996இல் சட்டம் வந்தது. பொதுமக்கள் வந்துபோகிற கட்டடங்களில் அவர்கள் நுழைய வசதி செய்யவேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. எங்கள் கடைகளில் அந்த ஒழுங்குவிதிகளைப் பற்றிக் கேள்விப்பட்ட முதலாளிகளை நான் விரல்விட்டு எண்ணலாம்.

முல்லைத்தீவு வீதியில் ஒரு சின்னத் தேத்தண்ணிக்கடைக்காரர், தினமும் வருகிற ஒருவருக்காக வாசலில் சீமெந்தால் சரிவு போட்டிருக்கிறார். ஒரு பை சீமெந்தும் மேசனுக்கு அரைநாள் கூலியும் போனதாம். இப்போது காலையில் பால் கானோடு வருகிற சைக்கிளும் அதால்தான் ஏறுகிறது.